'சின்டாக்ஸ் எரர்' என்று மட்டும் சொன்னால் எப்படி? சி பார்சரில் பிழை வந்த வரியைக் காட்ட நான்கு வழிகள்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மொத்த வியாபாரக் கடைக்காக, விலை விதிகளைப் படிக்கும் சின்ன பார்சர் (உரையை இலக்கணப்படி பிரித்துப் புரிந்துகொள்ளும் நிரல்) ஒன்றை சி மொழியில் எழுதிக் கொடுத்தேன். உரையைச் சொற்களாக, அதாவது டோக்கன்களாக வெட்டும் லெக்சரை ஃப்ளெக்ஸ் கருவியிலும், அவை எப்படிச் சேரலாம் என்ற இலக்கணத்தை பைசன் கருவியிலும் எழுதினேன்; வழக்கமான சங்கதிதான். விதிகளை எழுதுபவர் கடையின் கணக்குப்பிள்ளை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போன் செய்தார். "தம்பி, சின்டாக்ஸ் எரர்னு மட்டும் வருது. எங்கன்னு சொல்லமாட்டேங்குதே?"

பைசன் தானாகத் தருவது அந்த இரண்டு சொற்கள்தான். நான் அதைத் தொடவே இல்லை. கோப்பில் ஆயிரத்துச் சொச்சம் வரிகள். பாதியை வெட்டி ஓட்டிப் பாருங்கள், மீதியில் பாதியை வெட்டுங்கள் என்று போனிலேயே ஒரு மணி நேரம் போனது. கடைசியில் பார்த்தால், 'தள்ளுபடி' என்ற சொல்லுக்கும் % குறிக்கும் நடுவே எண் விட்டுப்போயிருந்தது.

இதே இடத்தில் முட்டி நிற்பவர்கள் பெரும்பாலும் கேட்பது, பிழையைச் சுட்டிக்காட்டும் ^ குறியைச் சரியான எழுத்துக்கு நேராக எப்படிப் போடுவது என்றுதான். அது கடைசி வேலை. அதற்கு முன்னால், பிழை தெரியவரும் நேரத்தில் அந்த வரி நம் கையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சி-யில் அதை நமக்காக யாரும் எடுத்து வைத்திருக்க மாட்டார்கள். நான்கு வழிகளும் இந்த ஒரு விஷயத்தில்தான் வேறுபடுகின்றன.

(ஃப்ளெக்ஸ், பைசன் பெயர்களை நாம் வாயால் சொல்கிறபடியே எழுதியிருக்கிறேன்: ஒய்ஒய்டெக்ஸ்ட், ஒய்ஒய்லெஸ் என்று.)

## எதை வைத்து முடிவு செய்வது

உள்ளீடு எங்கிருந்து வருகிறது? டிஸ்க்கில் உள்ள கோப்பா, இன்னொரு நிரல் நேராக அனுப்பும் பைப்பா, பயனர் தட்டச்சு செய்ய செய்ய வரும் வரிகளா, அல்லது ஏற்கெனவே நினைவகத்தில் இருக்கும் ஸ்ட்ரிங்கா? பாதி முடிவை இதுவே எடுத்துவிடும்.

பிழை எப்போது தெரியவரும்? இதைத்தான் பலரும் யோசிக்காமல் விடுகிறார்கள். தொடரியல் பிழை என்றால் லெக்சர் அந்த இடத்திலேயே நிற்கும். "கோதுமைக்கு 14-ஆம் வரியிலும் விலை இருக்கிறது, 310-ஆம் வரியிலும் இருக்கிறது" என்பது போன்ற பொருள் சார்ந்த பிழை, முழுக் கோப்பையும் படித்து முடித்த பிறகுதான் தெரியும். அப்போது இரண்டு பழைய வரிகளைக் காட்ட வேண்டும்.

மற்றவை சின்னவை: செய்தியை யார் படிக்கப் போகிறார், நினைவகம் எவ்வளவு இருக்கிறது, இருக்கும் லெக்சரை எவ்வளவு கிளற வேண்டும்.

## வழி 1: வரி எண்ணும் டோக்கனும் மட்டும்

லுவா மொழி இப்படித்தான் செய்கிறது. கோப்பின் பெயர், வரி எண், எதை எதிர்பார்த்தது, எந்தச் சொல்லின் அருகில் என்பதைச் சொல்லும். மூல வரியைக் காட்டாது. அதன் லெக்சருக்கு உரை துண்டு துண்டாக ஒரு ரீடர் ஃபங்ஷன் வழியாக வருகிறது; தாண்டிப்போன உரையை அது வைத்துக்கொள்வதே இல்லை. சின்ன சாதனங்களுக்குள்ளும் நுழைய வேண்டிய மொழிக்கு அது நியாயமான முடிவு.

செலவு கிட்டத்தட்ட இல்லை. ஃப்ளெக்ஸில் வரி எண் ஆப்ஷனை இயக்க ஒரு வரி. பைசனில் விரிவான பிழைச் செய்தி கேட்க இன்னொரு வரி. 2020-ல் வந்த 3.6 முதல் 'டீடெய்ல்ட்' என்றும், அதற்கு முந்தையவற்றில் 'வெர்போஸ்' என்றும் கேட்க வேண்டும். ஒரே எச்சரிக்கை: டோக்கன்களுக்கு மேற்கோள்குறிக்குள் மாற்றுப் பெயர் கொடுக்காவிட்டால், நீங்கள் இலக்கணத்துக்குள் வைத்துக்கொண்ட செல்லப் பெயர்கள் அப்படியே பயனர் முகத்தில் வந்து விழும்.

இந்த வழி எங்கே கைவிடும்? நீளமான வரியில் ஒரே சொல் நான்கு தடவை வந்தால், 'அருகில்' என்பது எந்த அருகில்? எஸ்கியூலைட் தரவுத்தளம் 2000-லிருந்து இருக்கிறது. இந்தச் சொல்லின் அருகில் தொடரியல் பிழை என்று மட்டும்தான் நெடுங்காலம் சொல்லிவந்தது. பிழையான டோக்கன் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்று தரும் ஃபங்ஷன் 2022-ல், 3.38.0 பதிப்பில்தான் வந்தது. அதன் கட்டளைவரி நிரலும் அதற்குப் பிறகுதான் இடத்தைச் சுட்டிக்காட்டத் தொடங்கியது.

படிப்பவர் நிரலாளர், எடிட்டர் வரி எண்ணைப் பார்த்துத் தாவும், வரிகள் குட்டையானவை என்றால் இதுவே போதும். கணக்குப்பிள்ளைக்குப் போதாது.

## வழி 2: ஓடும் வரியை நகல் எடுத்து வைப்பது

இது பழைய லெக்ஸ் காலத்துத் தந்திரம். புதுவரி எழுத்தையும், அதைத் தொடர்ந்து வரியின் முடிவு வரை உள்ள எல்லாவற்றையும் பிடிக்கும் விதி ஒன்றை எழுதுவோம். பிடித்த உரையை ஒரு பஃபரில் (நினைவகத்தில் ஒதுக்கிய இடத்தில்) நகல் எடுப்போம். அப்புறம் ஒய்ஒய்லெஸ் போட்டு, புதுவரி எழுத்தைத் தவிர மீதியைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். லெக்சர் அந்த வரியை மறுபடி டோக்கன் டோக்கனாகப் படிக்கும். பிழை வந்தால் நகல் கையில் இருக்கிறது. மொத்தம் ஐந்தாறு வரி கோட்தான். அந்த சனிக்கிழமை இரவே இதைத்தான் செய்தேன். அழகாக வேலை செய்தது. ஒரு வாரத்துக்கு.

முதலில் தெரிந்தது, கோப்பின் முதல் வரி நகலாகவில்லை என்பது. அதற்கு முன்னால் புதுவரி எழுத்தே இல்லையே. அடுத்தது வெற்று வரிகள். இடைவெளிகளைத் தின்னும் என் பழைய விதியில் புதுவரி எழுத்தும் சேர்ந்திருந்தது. மிக நீளமாகப் பொருந்தும் விதிக்குத்தான் ஃப்ளெக்ஸ் முதலிடம் கொடுக்கும். இரண்டு மூன்று வெற்று வரிகள் சேர்ந்து வந்தால் இடைவெளி விதி ஜெயித்துவிடும்; நகல் எடுக்கும் விதி ஓடவே ஓடாது; பிழைச் செய்தியில் பழைய வரி வந்து நிற்கும். பல வரிகளில் நீளும் கமெண்ட், ஸ்ட்ரிங் இரண்டிலும் இதே கதைதான். நிலையான அளவுள்ள பஃபரில் நீளம் பார்க்காமல் நகல் எடுத்தால் அது பாதுகாப்பு ஓட்டையும்கூட.

இவற்றையெல்லாம் அடைத்துவிடலாம். அடைக்க முடியாத ஒன்று இருக்கிறது. பைசன் ஒரு டோக்கனை முன்கூட்டியே எட்டிப் பார்க்கும். 14-ஆம் வரியின் முடிவில் அரைப்புள்ளி விட்டுப்போனால், 15-ஆம் வரியின் முதல் சொல்லைப் பார்த்த பிறகுதான் அதற்குப் பிழை தெரியும். நகல் பஃபரில் அப்போது இருப்பது 15-ஆம் வரி. பயனர் அந்த வரியை மேலும் கீழும் பார்ப்பார். அதில் ஒரு குறையும் இருக்காது. முந்தைய வரியையும் சேர்த்து இரண்டு நகல் வைத்தால் ஓரளவு தப்பிக்கலாம். நடுவே பத்து வரி கமெண்ட் இருந்தால் அதுவும் போச்சு.

சிலர், தனி நகல் எதற்கு, ஃப்ளெக்ஸின் பஃபரிலேயே வரியின் தொடக்கத்துக்கு ஒரு பாயின்டர் (நினைவக முகவரி) வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். வேண்டாம். கோப்பைப் படிக்கும்போது ஃப்ளெக்ஸ் சாதாரணமாக ஒரு தடவைக்கு 8,192 பைட் வரை வாசிக்கும். பஃபரை மறுபடி நிரப்பும்போது, நடப்பு டோக்கனை மட்டும் முன்னால் நகர்த்திவிட்டு அதற்கு முந்தையதை அழித்துவிடும். சோதனைக் கோப்புகள் எல்லாம் 8 கேபிக்குள் இருந்தால் இந்தத் தவறு உங்கள் கண்ணில் படவே படாது.

இலக்கணம் வரிக்கு வரி முடிந்துவிடும் மொழி என்றால் இந்த வழி சரி. கான்ஃபிக் கோப்பு, கட்டளை ஓடை, கால்குலேட்டர் மாதிரியானவை.

## வழி 3: பிழை வந்தால் கோப்பை மறுபடி திறப்பது

பிழை எப்போதாவது ஒரு தடவை வருவது. அதற்காக ஒவ்வொரு ஓட்டத்திலும் நகல் எதற்கு? கோப்பின் பெயரும் வரி எண்ணும் இருந்தால் போதும். தேவைப்படும்போது திறந்து அந்த வரியை எடுத்துக்கொள்ளலாம். ஜிசிசி என்ற சி கம்பைலர் 2013-ல் 4.8 பதிப்பில் மூல வரியையும் ^ குறியையும் இயல்பாகவே காட்டத் தொடங்கியபோது இந்த வழியைத்தான் எடுத்தது. ஏற்கெனவே பெரிதாக வளர்ந்துவிட்ட பார்சரில் லெக்சரைத் தொடாமல் செய்ய முடிகிற வழி இது ஒன்றுதான். லெக்சர் வேறு யாரோ எழுதியது, கை வைக்கப் பயமாக இருக்கிறது என்றால் இதைவிட நிம்மதி இல்லை.

மறைந்திருக்கும் செலவு, கோப்பு மாறாமல் அங்கேயே இருக்கும் என்ற நம்பிக்கை. பைத்தானில் நீண்ட நேரம் ஓடும் ஸ்கிரிப்ட் ஒன்றை ஓடவிட்டு, நடுவில் அதே கோப்பைத் திருத்திச் சேமித்துப் பாருங்கள். பிழை வரும்போது ட்ரேஸ்பேக் என்ற பிழை அறிக்கையில் வரி எண் பழையதாகவும், அதற்கு எதிரே வரும் உரை புதியதாகவும் இருக்கும். சம்பந்தமே இல்லாத வரி ஒன்று குற்றவாளியாக நிற்கும். காட்டுவதற்காகக் கோப்பை மறுபடி படிப்பதால் வருவது அது. நம் பார்சர் ஒரு நொடியில் முடிந்துவிடும் என்றால் இது பெரிய ஆபத்து இல்லை. சர்வரில் நாள்கணக்கில் ஓடும் நிரலுக்குள் உட்காரும் பார்சர் என்றால் ஆபத்துதான்.

பைப்பில் வந்த உள்ளீட்டை மறுபடி திறக்க வழியே இல்லை. நடுவில் வேலை செய்யும் டைரக்டரியை மாற்றினால் சார்புப் பாதை தொலையும். விண்டோஸில் டெக்ஸ்ட் முறையில் திறந்த கோப்பில் பைட் கணக்கு போட்டு எஃப்சீக் செய்யக் கூடாது (அந்த இடத்துக்கு நேராகத் தாவக் கூடாது). வரிமுடிவில் உள்ள இரண்டு எழுத்துகள் ஒன்றாகிவிடுவதால் கணக்கு தப்பும். பைனரி முறையில் திறந்துவிட்டால் பிரச்சினை இல்லை.

## வழி 4: முழு உரையும் நினைவகத்தில், டோக்கனுக்கு ஒரு எண்

கோப்பு முழுவதையும் தொடக்கத்திலேயே ஒரு பஃபரில் வாசித்துவிடுவது. ஒவ்வொரு டோக்கனுடனும், பார்சர் கட்டும் தொடரியல் மரத்தின் ஒவ்வொரு கணுவுடனும் ஒரே ஒரு எண்ணை வைப்பது: தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட். வரி எண், வரியின் தொடக்கம், முடிவு எதையும் முன்கூட்டிக் கணக்கிட வேண்டாம். பிழை வந்தால் அந்த பைட்டிலிருந்து பின்னோக்கிப் போய்ப் புதுவரி எழுத்தைத் தேடினால் வரியின் தொடக்கம். கோப்பின் தலையிலிருந்து அதுவரை புதுவரிகளை எண்ணினால் வரி எண். நிறையச் செய்திகள் அச்சடிக்கும் நிரல் என்றால் வரித் தொடக்கங்களின் பட்டியல் ஒன்றைக் கட்டி பைனரி தேடல் போடலாம்.

பைசன் இயல்பாகத் தரும் இடக்குறிப்பில் நான்கு முழு எண்கள்: தொடக்க வரி, தொடக்க இடம், முடிவு வரி, முடிவு இடம். வழக்கமாக 16 பைட். இதில் 4 பைட் போதும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் தன் எஸ்கியூஎல் இலக்கணத்தில் பைசனின் நான்கையும் தூக்கிப் போட்டுவிட்டு, தொடக்க இடம் என்ற ஒற்றை எண்ணை மட்டும் வைத்திருக்கிறது. க்ளாங் கம்பைலர் எல்லா இன்க்ளூட் கோப்புகளையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியதாக வைத்துக்கொண்டு, 32 பிட் எண் ஒன்றாலேயே எந்தக் கோப்பின் எந்த இடம் என்று சொல்லிவிடுகிறது. அதிலும் ஒரு பிட் மேக்ரோவுக்குப் போய்விடும்.

கோதுமையின் இரண்டு விலைகளை ஒரே செய்தியில் காட்ட இந்த வழியில்தான் எளிதாக முடிந்தது. அரைப்புள்ளி பிரச்சினையும் தீரும்: எட்டிப் பார்த்த டோக்கனைக் காட்டாமல், அதற்கு முந்தைய டோக்கனின் முடிவைக் காட்டலாம். க்ளாங் காட்டுவதும் அங்கேதான்.

சரி, இதில் குழி எங்கே? நான் விழுந்ததையே சொல்கிறேன். முழு உரையையும் வாசித்து, அந்த பஃபரையே ஃப்ளெக்ஸிடம் கொடுத்தேன். ஒய்ஒய்-ஸ்கேன்-பஃபர் என்ற ஃபங்ஷன் நகல் எடுக்காமல் அதே இடத்தில் ஸ்கேன் செய்யும். (கடைசியில் இரண்டு பூஜ்ய பைட் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.) பிழைச் செய்தியில் வரி எப்போதும் தவறான டோக்கனோடு அறுந்து நின்றது. அதற்குப் பின்னால் உள்ளது வரவே இல்லை. காரணம், நடப்பு டோக்கனின் உரையான ஒய்ஒய்டெக்ஸ்டை சி ஸ்ட்ரிங்காகக் காட்டுவதற்காக, டோக்கனுக்கு அடுத்த எழுத்தின் மேல் ஃப்ளெக்ஸ் பூஜ்ய பைட்டை எழுதிவிடும். அடுத்த தடவை லெக்சரைக் கூப்பிடும்போதுதான் பழைய எழுத்தைத் திரும்ப வைக்கும். நாம் பிழையை அச்சடிப்பது சரியாக அந்த இடைவேளையில். காட்டுவதற்கு ஒரு பஃபர், ஸ்கேன் செய்ய ஒரு நகல் என்று பிரித்துவிட்டால் தீர்ந்தது. ஒய்ஒய்-ஸ்கேன்-பைட்ஸ் அந்த நகலைத் தானே எடுத்துக்கொள்ளும். நினைவகம் இரட்டிப்பாகும், ஆகட்டும்.

கோப்பை நேராக நினைவகத்தில் பொருத்திக் காட்டும் எம்மேப் போட்டால் வாசிக்கவே வேண்டாமே என்று தோன்றும். கோப்பின் அளவு பக்க அளவின் சரியான மடங்காக, எடுத்துக்காட்டாக 4,096 பைட்டாக இருந்தால், முடிவில் பூஜ்ய பைட் கிடைக்கும் என்று நம்ப முடியாது. ஓடும்போது வேறு யாராவது கோப்பைச் சுருக்கினால் சிக்பஸ் என்ற சிக்னல் வந்து நிரலே செத்துவிடும். நான் சாதாரணமாக வாசித்துவிடவே சொல்வேன்.

பைப்புக்கும் தட்டச்சுக்கும்? கோப்பின் அளவை முதலில் கேட்காமல், வர வர வளரும் பஃபரில் சேர்த்துக்கொண்டே போகலாம். ஃப்ளெக்ஸின் உள்ளீட்டு மேக்ரோவை மாற்றி, வாசித்ததையெல்லாம் நம் பஃபரிலும் ஒட்டிவைத்தால் ஊடாடும் நிரலிலும் வேலை செய்யும். பஃபர் வளரும்போது இடம் மாறும் என்பதால் பாயின்டர் வைக்காமல் எண்ணை வைக்க வேண்டும். முடிவே இல்லாத ஓடை என்றால் மட்டும் இது உதவாது; அங்கே கடைசிச் சில வரிகளை மட்டும் சுழற்சியாக வைத்துக்கொள்ளுங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | வழி 1: எண் மட்டும் | வழி 2: வரி நகல் | வழி 3: மறுபடி திறப்பது | வழி 4: முழு உரை |
|---|---|---|---|---|
| பைப், தட்டச்சு | சரி | சரி | முடியாது | சிறு வேலை உண்டு |
| படித்து முடித்த பின் தெரியும் பிழை | எண் மட்டும் | முடியாது | சரி | சரி |
| முந்தைய வரியில் உள்ள குறை | தவறான எண் வரலாம் | தவறான வரி வரும் | இடம் சேமித்தால் சரி | சரி |
| நினைவகம் | இல்லை | ஒரு வரி | இல்லை | கோப்பின் அளவு, சமயத்தில் இரு மடங்கு |
| லெக்சரைக் கிளறுவது | மிகக் குறைவு | அதிகம் | இல்லை | தொடக்கத்தில் மட்டும் |
| எதிர்பாராத அடி | டோக்கன் பெயர்கள் | முதல் வரி, வெற்று வரி, நீள வரி | மாறிய கோப்பு | ஃப்ளெக்ஸின் பூஜ்ய பைட் |

## வரி கிடைத்தாயிற்று, குறியை எங்கே போடுவது

ஆங்கில எழுத்து மட்டும் உள்ள கோப்பில் இது விளையாட்டு. வரியின் தொடக்கத்திலிருந்து பிழை வரை உள்ள ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு இடைவெளி, டேப் வந்த இடத்தில் டேப்பையே திரும்ப அச்சடிப்பது, அப்புறம் ^. டேப் எத்தனை இடம் என்று கணக்கே போட வேண்டாம்.

தமிழ் வந்தால் கணக்கு மாறும். 'கோதுமை' திரையில் மூன்று எழுத்து. யூனிகோடில் ஆறு குறியீடுகள். யுடிஎஃப்-8 இல் 18 பைட். 'கோ'-வின் துணையெழுத்தைப் பிரித்து இரண்டு குறியீடுகளாக எழுதும் கோப்பில் அதே சொல் 21 பைட். பைட்டுக்கு ஒரு இடைவெளி போட்டால் ^ குறி திரைக்கு வெளியே போய் நிற்கும். குறியீட்டுக்கு ஒன்று போட்டாலும் தள்ளித்தான் நிற்கும். எழுத்தின் திரை அகலத்தைச் சொல்லும் டபிள்யூசி-விட்த் ஃபங்ஷனைக் கேட்கலாம். அது புள்ளிக்கு பூஜ்யம் என்றும், 'ா' போன்ற துணையெழுத்துக்கு ஒன்று என்றும் சொல்லும். ஆனால் டெர்மினல் வரையும் தமிழ் எழுத்தின் அகலம் ஃபான்டுக்கு ஃபான்ட் மாறுகிறது. எந்தக் கணக்கும் எல்லாத் திரையிலும் பொருந்தாது.

நான் அடுத்த வரியில் குறி போடுவதையே விட்டுவிட்டேன். வரிக்குள்ளேயே அடைத்துக் காட்டுகிறேன்:

```
விலை.விதி, வரி 14: 'தள்ளுபடி' என்பதற்குப் பின் எண் வரவேண்டும்
    பொருள் "கோதுமை மாவு" விலை 58.50 தள்ளுபடி »%«
```

எந்த ஃபான்டிலும் தப்பாது, வாட்ஸ்அப்பில் ஒட்டினாலும் தப்பாது.

ஒரே வரியில் லட்சம் எழுத்து இருக்கும் கோப்பும் வரும், வெட்டித்தான் காட்ட வேண்டும். போஸ்ட்கிரெஸின் கட்டளைவரி நிரலான பிஎஸ்கியூஎல், பிழையைச் சுற்றி 60 இடத்துக்குள் வரியை வெட்டிக் காட்டும். வெட்டும்போது ஒரு எழுத்தின் பைட்டுகளுக்கு நடுவே கத்தி விழக் கூடாது; தொடர் பைட் (எழுத்தின் முதல் பைட்டுக்கு அடுத்து வருவது) அல்லாத பைட் வரும்வரை பின்னால் நகர்ந்து, தமிழ் என்றால் துணையெழுத்தையும் தாண்டி வெட்டுங்கள். அச்சடிக்க முடியாத எழுத்தா என்று பார்க்கும் ஃபங்ஷன்களுக்கு சி-யின் 'சார்' வகை மதிப்பை அப்படியே அனுப்பாதீர்கள். பல கணினிகளில் தமிழின் எல்லா பைட்டும் அதில் எதிர்ம எண்ணாகிவிடும். அன்சைன்டாக (எதிர்மம் இல்லாத எண்ணாக) மாற்றி அனுப்பவும்.

## யாருக்கு எது

புதிதாகத் தொடங்குகிறீர்கள், உள்ளீடு கோப்பு அல்லது ஸ்ட்ரிங் என்றால் யோசிக்காமல் நான்காவது. விதிக் கோப்புகளும் சின்ன மொழிகளும் பெரும்பாலும் சில நூறு கேபிக்குள் அடங்கும். நினைவகத்தைக் காரணம் காட்டுவது இன்றைக்குக் கணினியில் பொருந்தாது. வளர்ந்துவிட்ட பழைய பார்சர், கோப்பு உள்ளீடு மட்டும் என்றால் மூன்றாவது. வரிக்கு வரி முடியும் கட்டளை மொழிக்கு இரண்டாவது. மைக்ரோகன்ட்ரோலரா? முதலாவதுடன் டோக்கனின் இடத்தையும் சேர்த்து அனுப்புங்கள், மறுமுனையில் உள்ள கணினி வரியைக் காட்டிக்கொள்ளும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் சோதனையாக, அடைப்புக்குறி ஒன்றைத் திறந்து மூடாமல் விட்ட கோப்பைக் கொடுத்துப் பாருங்கள். பிழை கோப்பின் முடிவில் தெரியும். அங்கே காட்டுவதற்கு வரியே இருக்காது. இரண்டாவது, மூன்றாவது வழிகளில் என் பார்சர் அந்த இடத்தில் வெற்று வரியைக் காட்டிவிட்டு நின்றது. நான்காவதில், திறந்த அடைப்புக்குறியின் பைட் எண் மரத்திலேயே இருந்ததால், 'இங்கே திறந்தது மூடப்படவில்லை' என்று 212-ஆம் வரியைக் காட்ட இரண்டு வரி கோட் போதுமானதாக இருந்தது.